வீட்டில் வேறு யார் கார் ஓடுகிறார்கள்?

1. வியாழக்கிழமை காலை

பவானி தொலைபேசியில் அழைத்தபோது நான் கைப்பையைக்கூட மேசையில் வைத்திருக்கவில்லை. அது 2009 மே மாதத்தின் நடுப்பகுதி. இலங்கையின் வன்னியில் சண்டை கடைசிக் கட்டத்தில் இருந்தது. கனடாவில், ஸ்காபரோவில், எங்கள் ஆட்கள் யாரும் ஒழுங்காகத் தூங்காத நாட்கள் அவை. அலுவலகத்துக்கு வருகிறவர்கள் இன்சூரன்ஸ் பொலிசியைப் பற்றிப் பேச வந்து, பேசாமலே சுவரிலிருந்த தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பாதிப் பேர் நகர மத்தியில் ஊர்வலத்துக்குப் போய்விட்டு வந்த களைப்போடு இருப்பார்கள். காலையில் தொலைபேசி அடித்தாலே யாருக்கு என்ன நடந்துவிட்டதோ என்றுதான் முதலில் நினைப்பேன்.

"மாலதி அக்கா, கார் அடிபட்டுப் போச்சு" என்றாள் பவானி. குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. நான் வழக்கம்போல முதலில் அவளுக்கு ஏதும் காயமா என்று கேட்டேன். தனக்கு ஒன்றுமில்லை, தான் காரில் இருக்கவில்லை என்றாள். அப்படியானால் யார் ஓடியது என்று கேட்டேன்.

"தம்பி" என்றாள்.

அவளுக்கு இங்கே ஒரு தம்பி இருக்கிறான் என்பது அன்றுதான் எனக்குத் தெரியவந்தது.

2. பவானியும் அவளுடைய கொரோலாவும்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆகவே முதலில் பவானி யார் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை செய்தது ஒரு பிளாசாவின் மேல்மாடியில் இருந்த இன்சூரன்ஸ் புரோக்கர் அலுவலகத்தில். கீழே மரக்கறிக் கடையும் நகைக்கடையும் இருந்தன. முதலாளி வெங்கட் சேர் சென்னைக்காரர். கணக்கிலும் சட்டத்திலும் கறாரான மனிதர். வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் யாழ்ப்பாணத்து ஆட்கள் என்பதால் அவர்களோடு பேசுவதை என்னிடம் விட்டுவிடுவார்.

பவானி எங்களிடம் பல வருடங்களாகக் கார் இன்சூரன்ஸ் வைத்திருந்தாள். முதியோர் இல்லமொன்றில் வேலை. கணவர் மாரடைப்பில் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. வோபர்ன் பக்கத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒரு சின்ன ரவுண்ஹவுஸ், ஒரு பழைய கொரோலா கார். ஒரு விபத்து இல்லை, ஒரு பொலிஸ் ரிக்கெற் இல்லை. தைப்பொங்கலுக்கு எங்கள் அலுவலகத்துக்குப் பொங்கல் கொண்டுவந்து தருவாள். அவளைப் போல நூறு பேர் இருந்தால் தொழில் நிம்மதியாக ஓடும் என்று வெங்கட் சேரே சொல்லியிருக்கிறார்.

கார் இன்சூரன்சின் விலை காரை மட்டும் வைத்துத் தீர்மானிக்கப்படுவதில்லை. அந்த வீட்டில் லைசென்சோடு யார் யார் இருக்கிறார்கள் என்பதும் அதில் அடங்கும். சாவி மேசையில் கிடந்தால் யார் கை அதை எடுக்கும் என்பதுதான் கொம்பனிக்கு முக்கியம். அதனால்தான் புதிதாகப் பொலிசி எழுதும்போதும் ஒவ்வொரு வருடமும் அதைப் புதுப்பிக்கும்போதும் நாங்கள் அந்தக் கேள்வியைக் கேட்கிறோம்: வீட்டில் வேறு யார் கார் ஓடுகிறார்கள்? லைசென்ஸ் உள்ளவர்கள் வேறு யாராவது இருக்கிறார்களா?

பவானியிடமும் ஒவ்வொரு வருடமும் கேட்டேன். "நான் மட்டும்தான் அக்கா" என்பாள்.

அவளுடைய தம்பி ரமணன் இரண்டு வருடங்களுக்கு முன்பே அகதியாக வந்து, அவளுடைய வீட்டின் கீழ்த்தளத்தில், பேஸ்மென்ரில், இருந்தான். அகதிக் கேஸ் இன்னும் விசாரணைக்கு வரவில்லை. தூரத்தில் பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுசில் இரவு வேலை. பஸ்ஸில் போய் வருவதென்றால் வேலை செய்கிற நேரத்தில் பாதி பயணத்திலேயே போய்விடும். ஆகவே புதிதாக ஓடுகிறவர்களுக்கான ஜீ-2 லைசென்ஸ் எடுத்த நாளிலிருந்து அக்காவின் கொரோலாவைத்தான் ஓடினான். பவானி முதியோர் இல்லத்துக்குப் பஸ்ஸில் போனாள். உண்மையில் அந்தக் காரின் சாரதி ரமணன்தான்.

அன்று காலை வேலை முடிந்து திரும்பி வரும்போது, வீட்டுக்குக் கிட்ட ஒரு சந்தியில் வலப்பக்கம் திரும்பினான். பாதசாரிகளுக்குப் பச்சை விளக்கு விழுந்திருந்தது. கடந்துகொண்டிருந்த பெண்ணை அவன் காணவில்லை. வேகம் என்று சொல்ல முடியாது. ஆனால் அவள் விழுந்த விதம் பிழையாகப் போய்விட்டது. இடுப்பெலும்பும் வலது காலும் முறிந்தன.

அவள் பெயர் பரீதா. புத்தளத்துக்காரி. அதே பகுதியில் உடுப்புத் திருத்தித் தைக்கும் கடையொன்றில் வேலை செய்துகொண்டிருந்தாள். கடை திறக்கப் போகும் வழியில்தான் அடிபட்டாள்.

3. பிறம்ரன்

மத்தியானம் பவானி நேரே அலுவலகத்துக்கு வந்தாள். முதியோர் இல்லச் சீருடையோடே வந்திருந்தாள். அந்தப் பெண்ணின் நிலைமையைத்தான் முதலில் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போனதாகவும், உள்ளே விடவில்லை என்றும், வெளியே நின்றுவிட்டு வந்ததாகவும் சொன்னாள். பிறகு கதவைச் சாத்திவிட்டுக் கதிரையில் இருந்தாள்.

என்ன நடக்கும் என்று கேட்டாள். நான் மறைக்காமல் சொன்னேன். ஒருநாள் விருந்தாளியாக வந்தவன் உன்னுடைய சம்மதத்தோடு காரை எடுத்து இடித்திருந்தால் பொலிசி முழுதாகக் கைகொடுக்கும். ஆனால் ஒரே வீட்டில் இருக்கிறவன், வழக்கமாக ஓடுகிறவன் என்றால் அவனுடைய பெயரை நீ கொம்பனிக்குச் சொல்லியிருக்க வேண்டும். கேட்டும் சொல்லவில்லை என்றால் அவர்கள் கையை விரிக்கலாம். காயப்பட்டவருக்குச் சட்டம் கட்டாயப்படுத்துகிற குறைந்தபட்சத்தைக் கொடுப்பார்கள். கொடுத்துவிட்டு உன்னிடம் திருப்பிக் கேட்பார்கள். அதற்கு மேலே வருவதும் காரின் சொந்தக்காரி என்ற வகையில் உன் தலையில்தான்.

அவள் நான் சொன்னதை நன்றாக விளங்கிக்கொண்டாள். விளங்கியதால்தான் அடுத்ததைக் கேட்டாள்.

"அவன் பிறம்ரனில இருக்கிறான் எண்டு சொல்லுவம் அக்கா. வெயார்ஹவுசுக்குப் பக்கத்தில கூட்டாளிப் பெடியள் இருக்கிறாங்கள். அண்டைக்கு மட்டும் என்னைப் பாக்க வந்து காரை எடுத்தவன் எண்டு சொல்லலாம்தானே?"

சொல்லலாம். அப்படி ஒரு பொய் எத்தனையோ கோப்புகளில் எழுதப்பட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை நான் சொல்ல முடியாது, அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவும் முடியாது. அதைத்தான் சொன்னேன். அவள் என்னோடு வாதாடவில்லை. தலையை ஆட்டிவிட்டு எழும்பினாள். வாசலில் நின்று, கொம்பனியின் அட்ஜஸ்டர் விசாரிக்க வீட்டுக்கு வரும்போது நானும் வந்து இருக்க முடியுமா என்று மட்டும் கேட்டாள்.

வெங்கட் சேரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போங்க. வேணாம்னு சொல்ல எனக்கும் மனசு வரல. ஆனா நீங்க அவங்க ஃப்ரெண்டா போறீங்களா, புரோக்கரா போறீங்களான்னு முதல்ல முடிவு பண்ணிட்டுப் போங்க. அங்க வாயத் திறக்கக் கூடாது."

4. ரமணன் சொன்னது

அட்ஜஸ்டர் என்பவர் கொம்பனிக்காக விபத்தை விசாரிப்பவர். இவர் இளம் வெள்ளைக்காரர், நல்ல மரியாதையானவர். அவர் பவானியின் வீட்டுக்கு வந்தது சண்டை முடிந்துவிட்டது என்று அறிவிக்கப்பட்ட வாரத்தில். அதை அவர் அறிந்திருந்தாரோ தெரியாது. வீடு முழுக்க ஆட்கள் அழுது ஓய்ந்த அமைதி. யாழ்ப்பாணத்தை விட்டுப் போன பவானியின் தாய் வன்னிக்குள்தான் இருந்தார். மாதக்கணக்காக ஒரு தகவலும் இல்லை. இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத நிலையில்தான் அக்காவும் தம்பியும் சாப்பாட்டு மேசையில் வந்து இருந்தார்கள்.

ரமணனை நான் முதன்முதலாகக் கண்டது அன்றுதான். மெலிந்தவன். தாடி வளர்ந்திருந்தது. கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டான். அவன் பிறம்ரன் என்று சொல்லப் போகிறான் என்பது பவானியின் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தெரிந்தது. என்னைக் கேட்காமல் வீட்டுக்குள்ளேயே முடிவெடுத்திருந்தார்கள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அட்ஜஸ்டர் விபத்து நடந்த விதத்தைக் கேட்டார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ரமணன் சொன்னான். இரவு இடைவேளையில் வன்னிச் செய்தி சொல்ல யாரோ கொழும்பிலிருந்து அழைத்ததையும், அதன் பிறகு தனக்கு வேலையில் மனம் நிற்காததையும் சொன்னான். திரும்பும்போது அந்தப் பெண்ணைக் காணவில்லை, பிழை தன்னுடையது என்றான். பிறகு அட்ஜஸ்டர் மிகச் சாதாரணமாக, நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்று கேட்டார்.

ரமணன் அக்காவைப் பார்த்தான். பிறகு, "ஐ லிவ் ஹியர்" என்றான். "திஸ் ஹவுஸ். டவுன்ஸ்ரேர்ஸ்."

எவ்வளவு காலமாக என்று கேட்டார். வந்த நாளிலிருந்து என்றான். காரை எத்தனை தரம் ஓடுவீர்கள் என்று கேட்டார். ஒவ்வொரு நாளும் என்றான்.

பவானி எழும்பிக் குசினிக்குள் போனாள். தண்ணீர் திறந்துவிடும் சத்தம் கேட்டது. அட்ஜஸ்டர் போகும்வரை அவள் திரும்பி வரவில்லை.

நான் காருக்கு நடந்தபோது ரமணன் பின்னால் வந்தான். அக்கா சொல்லச் சொன்னதைத் தான் சொல்லவில்லை என்றான். தெரியும் என்றேன். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான்.

அவர்களுக்கு நடுவில் ஒரு அண்ணன் இருந்திருக்கிறான், தயாளன் என்று. பவானி கனடாவுக்கு வந்த பிறகு நடந்தது இது. யாழ்ப்பாணம் இராணுவத்தின் கைக்கு வந்த பிறகு ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று பதியச் சொல்லியிருக்கிறார்கள். இளம் பெடியனுடைய பெயரைக் கொடுத்தால் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் தாய் தயாளனுடைய பெயரைக் கொடுக்கவில்லை. ஒருநாள் சுற்றிவளைப்பில் வீட்டுக்குள் வந்து அவனைக் கண்டுபிடித்தார்கள். பதிவில் இல்லாத ஆள் என்று கொண்டுபோனார்கள்.

"அம்மா அடுத்த நாள் ஆமிக் காம்புக்குப் போனவ. நானும் கூடப் போனனான். அப்பிடியொருத்தர் உங்கட வீட்டில இல்லையெண்டு நீங்கள்தானே சொல்லியிருக்கிறியள் எண்டு கேட்டாங்கள். அம்மாவால ஒண்டும் சொல்ல ஏலேல்ல" என்றான் ரமணன். "அக்காவுக்கு இது தெரியும். ஆனா அவ அங்க நிக்கேல்ல. நான் நிண்டனான். இந்த வீட்டில நான் இல்லையெண்டு என்னால சொல்ல ஏலாது அக்கா."

நான் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினேன். இத்தனை வருடங்களாக எத்தனையோ வீடுகளுக்குத் தொலைபேசியில் நான் கேட்ட கேள்வி அது. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? எங்கள் ஆட்களிடம் அந்தக் கேள்வியை எனக்கு முன்னால் வேறு யார் யார் கேட்டிருப்பார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை. நானும் அந்த ஊரிலிருந்துதான் வந்தவள். ஆனால் அதற்கெல்லாம் முன்பே வந்துவிட்டேன்.

பிறகு ஒருநாள் பவானியிடமே கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. கட்ட வேண்டிய பிறீமியம் கூடும் என்ற பயமும் இருந்தது என்று ஒப்புக்கொண்டாள். ஜீ-2 லைசென்சோடு இருக்கிற இளம் ஆண் என்றால் அந்த நேரம் இரண்டு மடங்குக்கு மேல் போயிருக்கும். ஆனால் அது மட்டுமில்லை என்றாள். "அவன்ர கேஸ் முடியுமட்டும் அவன்ர பேரை எங்கையும் எழுதக் குடுக்கப் பயமாயிருந்தது. பேர் குடுத்துப் பழக்கமில்லை அக்கா."

5. என்னுடைய முறை

பரீதாவின் குடும்பம் ஒரு சட்டத்தரணியைப் பிடித்து வழக்குப் போட்டது. அதில் ஒரு பிழையும் இல்லை. அவர்களுடைய இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். பொலிசி கொடுத்த கொம்பனி, ரமணன் சொன்னதை வைத்து, பவானி உண்மையை மறைத்துவிட்டாள் என்று சட்டம் கட்டாயப்படுத்துகிற குறைந்தபட்சத்துக்கு மேற்பட்ட பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டது.

பவானிக்கும் ஒரு சட்டத்தரணி இருந்தார். அவருக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. பவானி தெரிந்துகொண்டு மறைத்தாள் என்று கொம்பனி நிரூபிக்க வேண்டும். அப்படியானால் அவளிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டவள் நான். நான் ஒழுங்காகக் கேட்கவில்லை, விளங்கப்படுத்தவில்லை என்று வந்தால் குற்றம் எங்கள் அலுவலகத்துக்கு மாறும். எங்களுக்கென்று தனியாக ஒரு இன்சூரன்ஸ் இருக்கிறது, புரோக்கர் விடும் பிழைகளுக்காக. அது பணத்தைக் கட்டும். பவானியின் வீடு தப்பும்.

அந்தச் சட்டத்தரணி என்னைத் தொலைபேசியில் அழைத்தார். பொய் சொல்லுங்கள் என்று அவர் சொல்லவில்லை. மிகவும் கவனமாகப் பேசினார். "எத்தினை ஆயிரம் பேரோட கதைக்கிறனீங்கள். ஒரு ஆளிட்ட என்ன கேட்டது, அவ என்ன சொன்னவ எண்டு இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஞாபகம் இருக்குமோ, என்ன?" என்று கேட்டார்.

எனக்கு ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு தரமும் ஞாபகம் இருந்தது. ஏனென்றால் அந்தக் கேள்விக்குப் பிறகு பவானி எப்போதும் பேச்சை மாற்றி, என்னுடைய முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரிப்பாள். நான் அதை அன்பு என்றுதான் நினைத்திருந்தேன். அது அன்பும்தான்.

சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுக்கும் நாள் வந்தது. நகர மத்தியில் ஒரு உயர்ந்த கட்டடத்தில் நீளமான மேசை. ஒரு பக்கத்தில் பவானி. அவளுக்கு எதிர்ப்பக்கத்தில் என்னை இருத்தினார்கள். கொம்பனியின் சட்டத்தரணி கேட்டார், ஒவ்வொரு வருடமும் அந்தக் கேள்வியைக் கேட்டீர்களா? கேட்டேன் என்றேன். தமிழில் கேட்டீர்களா? தமிழில்தான் என்றேன். என்ன பதில் வந்தது? தான் மட்டும்தான் என்று சொன்னாள் என்றேன். அவளுக்குக் கேள்வி விளங்காமல் போயிருக்கலாமா? இல்லை, விளங்கியது என்றேன்.

பவானி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் வெங்கட் சேர் தேத்தண்ணீர் வாங்கிவரச் சொல்லி என் முன்னால் வைத்தார். "உண்மையத்தானே சொன்னீங்க மாலதி. நம்ம ஆபீஸ் தப்பிச்சுது. அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?" என்று கேட்டார். பிறகு தானே, "எனக்கும் சந்தோஷமா இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று நான் வேறு பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரைக்கும் நினைக்கவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால் மனம் லேசாகிவிடும் என்று சொல்வார்கள். எனக்கு அப்படி ஆகவில்லை.

6. பரீதா

வழக்கு தீர்ந்தது. நீதிமன்றத்துக்குப் போகாமலே இரண்டு தரப்பும் ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டன. கொம்பனி தன் குறைந்தபட்சத்தைக் கொடுத்துவிட்டு அதைப் பவானியிடம் திருப்பிக் கேட்டது. மிச்சமும் அவளிடம்தான் வந்தது. ரவுண்ஹவுசை விற்றாள். அதுவும் போதவில்லை. கடைசியில் கடனைக் கட்ட முடியாது என்று வங்குரோத்து அறிவிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று சொல்லி ஆலோசகர்கள் அவளிடம் கையெழுத்து வாங்கினார்கள். அக்காவும் தம்பியும் ஒரு அடுக்குமாடியில் ஒற்றை அறை வீட்டுக்கு மாறினார்கள்.

அதற்குப் பிறகு ஒருநாள் எங்கள் பிளாசாவின் மரக்கறிக் கடையில் பரீதாவைச் சந்தித்தேன். கையில் ஊன்றுகோல். மகள் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். நான் யார் என்று சொல்லாமல் போயிருக்கலாம். சொன்னேன்.

கால் இனி மெஷினை மிதிக்காது, அதனால் தையலை விட்டாயிற்று என்று சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை, சுகம் விசாரித்தவருக்குப் பதில் சொல்வது போலச் சொன்னாள். பிறகு பவானியைப் பற்றிக் கேட்டாள். வீடு விற்றதைச் சொன்னேன். அவள் ஊன்றுகோலை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"இன்சூரன்ஸ்தான் எல்லாம் குடுக்குதுண்டு நான் நெனச்சேன். அந்தப் புள்ளட வீட்டுலருந்து வருதுண்டு எனக்கு ஆரும் சொல்லல்ல" என்றாள். "அந்தத் தம்பி என்ன உட்டுட்டு ஓடல்ல. ஆம்புலன்ஸ் வார வரைக்கும் என்ட பக்கத்துலயே குந்திக்கிட்டு இருந்தாரு. அழுதாரு. ரெண்டு பேருக்கும் நான் கெட்டது நெனைக்கல்லண்டு சொல்லுங்க."

நான் பவானிக்கு அதைச் சொன்னேன். கேட்டுவிட்டு, அந்த அக்காவுக்கு இப்போது நடக்க ஏலுமா என்றுதான் விசாரித்தாள்.

7. அம்மா

பவானியின் தாய் உயிரோடு இருந்தார். விபத்து நடந்த சில வாரங்களுக்குப் பிறகு வவுனியா அகதி முகாமிலிருந்து யாருடைய தொலைபேசியிலோ ஒரு நிமிடம் பேசினார். பவானி அன்று வேலைத்தலத்திலிருந்தே எனக்கு அழைத்து, "அம்மா இருக்கிறா அக்கா, அம்மா இருக்கிறா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளுடைய குரலில் நான் சந்தோஷத்தைக் கேட்ட கடைசித் தடவை அதுதான்.

முகாமிலிருந்து விட்ட பிறகு தாய் வவுனியாவில் ஒரு உறவினர் வீட்டில் இருந்தார். அவரைக் கனடாவுக்குக் கூப்பிட பவானி, அவருடைய செலவுக்குத் தானே பொறுப்பென்று ஸ்பொன்சர் செய்து பேப்பர் போட்டாள். அந்த நாட்களில் அது நீண்ட வரிசை. வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வரிசையில் காத்திருந்தபோதுதான் இந்த வங்குரோத்து வந்தது. வங்குரோத்தில் இருக்கிறவர் யாரையும் ஸ்பொன்சர் செய்ய முடியாது என்பது சட்டம். மனு நிராகரிக்கப்பட்டது. ரமணனுடைய கேஸ் முடிந்து அவனுக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்து அவன் கூப்பிடுவதென்றால் அதற்கும் இன்னும் வருடங்கள்.

இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது. இன்சூரன்ஸ் கோப்பு மூடப்பட்டுவிட்டது. எங்களைப் பொறுத்தவரை அது முடிந்த விஷயம். ஒரு கார் விபத்தில் லயபிலிற்றி என்கிற பொறுப்பு எதுவரைக்கும் போய்த் தொடும் என்று கணக்குப் போட எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். வவுனியாவில் ஒரு கிழவியின் கட்டில்வரை போகும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

தாய் இறந்த செய்தியையும் மனு நிராகரிக்கப்பட்ட கதையையும் ரமணன்தான் தொலைபேசியில் சொன்னான். நான் அவர்களுடைய அடுக்குமாடிக்குப் போனேன். சின்ன வீடு, கதிரைகள் பக்கத்து வீடுகளில் இரவல் வாங்கியவை. ரமணன் எல்லோருக்கும் தேத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தான். விபத்துக்குப் பிறகு அவன் கார் ஓடவில்லை. பிறம்ரன் வேலையை விட்டுவிட்டு, நடந்து போகக்கூடிய தூரத்தில் ஒரு பேக்கரியில் சேர்ந்திருந்தான்.

பவானி என்னைத் தன் பக்கத்தில் இருக்கச் சொன்னாள். கையைப் பிடித்துக்கொண்டாள். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவள் விடவில்லை.

"நீங்கள் கேட்டனீங்கள் அக்கா. நான்தான் சொல்லேல்ல. அதை வைச்சு உங்கட மனசை வருத்தாதேங்கோ."

அவள் என்னைத் திட்டியிருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது.

அதற்குப் பிறகு நான் ஓய்வுபெறும்வரை அந்தக் கேள்வியை எடுத்த எடுப்பில் யாரிடமும் கேட்கவில்லை. முதலில், இந்தப் பெயர் எங்கே போகும், எங்கே போகாது என்று சொல்லுவேன். அகதி வழக்கு விசாரிப்பவர்களுக்கும் இன்சூரன்ஸ் கொம்பனிக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லுவேன். பெயர் சொன்னால் எவ்வளவு கூடும், சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று ஒரு குடும்பத்தின் கதையைப் பெயர் சொல்லாமல் சொல்லுவேன். பிறகுதான் கேட்பேன். கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பேன். அந்த அமைதியில் எத்தனையோ வீடுகளில் தம்பிமாரும் மருமக்களும் பேஸ்மென்ரிலிருந்து மேலே வந்திருக்கிறார்கள். ஒரு தொலைபேசி அழைப்பு அரை மணித்தியாலம் போகிறதே என்று வெங்கட் சேர் ஒருநாளும் குறை சொல்லவில்லை.

உங்களுக்கும் அதைத்தான் சொல்லுகிறேன். மறைக்கிறவர்களில் ஏமாற்ற வருகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களை நீங்கள் சீக்கிரமே இனங்கண்டுவிடுவீர்கள். பயத்தில் மறைக்கிறவர்களை இனங்காண்பது கஷ்டம், ஏனென்றால் அவர்கள்தான் உங்களோடு மிகவும் அன்பாகப் பேசுவார்கள். கேள்வியைச் சரியாகக் கேட்டுவிட்டால் உங்கள் கடமை முடிந்துவிடும், அலுவலகமும் தப்பிவிடும். ஆனால் அந்த ஆள் தப்ப வேண்டுமென்றால் இன்னும் கொஞ்ச நேரம் அவரோடு இருக்க வேண்டும்.

துக்கம் விசாரிக்கப் போன அன்று, நான் புறப்படும்போது பவானி வாசல்வரை வந்தாள். ஸ்பொன்சர் மனு நிராகரிக்கப்பட்டதைத் தாய் அறிந்திருந்தாரா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் வாயில் வந்துவிட்டது.

"இல்லை" என்றாள். "ஒவ்வொரு ஞாயிறும் எப்ப கூப்பிடுவாய் எண்டு கேப்பா. பேப்பர் போட்டிருக்கு அம்மா, வந்திடும் எண்டுதான் கடைசி மட்டும் சொன்னனான்."